மெயிலின் கடைசி வரி: ‘லுக் ஃபார்வர்ட் டு’ எழுதச் சொல்லிக்கொடுத்த அனுபவம்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிற எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் மெர்ச்சண்டைசர்கள் வரிசையாக உட்கார்ந்து மெயில் அடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் இங்கே இருக்கிற நிட்டிங், டையிங், தையல் யூனிட்டுகளுக்கும் நடுவில் நிற்கிற வேலை அது. சாம்பிள் அனுப்பியாச்சு, லேப் டிப் (கலர் பார்க்கச் சாயமேற்றிய மாதிரித் துணித் துண்டு) வந்தாச்சு, கலர் ஒத்துவரவில்லை, ஷிப்மென்ட் எப்போது என்று எல்லாமே எழுத்தில்தான் நடக்கும். நானும் அந்த வரிசையில் ஆரம்பித்தவள்தான். இப்போது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளின் மெயில்களை வெளியே போவதற்கு முன் ஒரு தடவை படித்துக் கொடுப்பதும் என் பொறுப்பு.

அப்படிப் படிக்கும்போது நான் அதிகமாகத் திருத்துவது கடைசி வரியைத்தான். நடுவில் இருக்கிற ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை), அளவு, தேதி எல்லாம் சரியாக எழுதிவிடுவார்கள், அது அவர்கள் தொழில். முடிக்கும்போது ‘உங்கள் பதிலை எதிர்நோக்குகிறோம்’ என்ற பொருளில் ஒரு வரி போட வேண்டும் என்றும் தெரியும். அந்த வரி இப்படியெல்லாம் வரும்: ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’, ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’, ‘வீ லுக்கிங் ஃபார்வர்ட் யுவர் அப்ரூவல்’, ‘ஐ ஆம் லுக் ஃபார்வர்ட் டு ரிசீவ்’. சிலர் ‘லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று மட்டும் எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவார்கள். எதை நோக்கி என்பது வாசிப்பவரின் ஊகத்துக்கு விடப்படும்.

இதற்குச் சரியான வடிவம் ‘வீ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’. ‘ஹியர்’ இல்லை, ‘ஹியரிங்’. எந்த இலக்கணப் புத்தகத்தைத் திறந்தாலும் இது இருக்கும். பிள்ளைகளுக்கும் ஒரு தடவை சொன்னால் திருத்திக்கொள்வார்கள். ஆனால் அடுத்த வாரமே பழைய வடிவம் திரும்பி வந்துவிடும், ஏனென்றால் பள்ளியில் ‘டு’ என்றால் அடுத்து வெறும் வினைச்சொல்தான் என்று ஆழமாகப் பதிந்துவிட்டது. ‘வான்ட் டு கோ’, ‘நீட் டு சென்ட்’, ‘ட்ரை டு ஃபினிஷ்’ என்று ஆயிரம் தடவை எழுதிய கைக்கு ‘டு ஹியரிங்’ தப்பாகவே படும். பழக்கத்தோடு மோதுகிற விதியை வெறும் விதியாக மட்டும் சொன்னால் அது மனதில் நிற்காது.

எங்கள் அலுவலகத்தில் இது நின்றது தமிழ் வழியாக. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், நிட் ஃபேர் என்கிற பின்னலாடைக் கண்காட்சிக்கு வரப்போகும் பையருக்கு ‘வீ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதியிருந்தாள். ‘மீட்டிங் யூ’ என்று மாற்றினேன். அவள் விடவில்லை.

“அக்கா, ‘வான்ட் டு மீட்’னுதானுங்களே எழுதறோம்? இதுலயும் ‘டு’ இருக்குதுங்க. அப்புறம் எதுக்குங்க ‘மீட்டிங்’?”

நல்ல கேள்வி. கேட்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். “ரெண்டையும் தமிழ்ல சொல்லு கண்ணு” என்றேன். “ ‘விரும்பறோம்’னு முடிச்சு ஒண்ணு, ‘எதிர்நோக்கறோம்’னு முடிச்சு ஒண்ணு.”

“உங்களைச் சந்திக்க விரும்புகிறோம்” என்றாள். அடுத்து, “உங்களைச் சந்திக்க எதிர்நோக்குகிறோம்” என்று ஆரம்பித்துவிட்டு அவளே நிறுத்தினாள். “இல்லீங்க்கா, வரல. ‘சந்திப்பதை எதிர்நோக்குகிறோம்’னுதான் வருது.”

விஷயம் அவ்வளவுதான். ‘விரும்பு’ என்ற வினைக்கு முன்னால் ‘சந்திக்க’ என்ற எச்சம் இயல்பாக உட்காரும். ‘எதிர்நோக்கு’ என்ற வினை அதை ஏற்காது. அதற்கு ஒரு பெயர்ச்சொல் வேண்டும், அதன் மேல் ‘ஐ’ உருபு வேண்டும். சந்திப்பை, சந்திப்பதை, பதிலை, வருகையை. ஆங்கிலத்திலும் அதே கணக்குதான். ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருக்கிற ‘டு’ நம் வேற்றுமை உருபு செய்கிற வேலையைச் செய்கிறது. அதற்குப் பின்னால் பெயர்தான் வர வேண்டும். ‘யுவர் ரிப்ளை’ வரலாம், ‘த மீட்டிங்’ வரலாம். வினை வந்தே ஆக வேண்டுமென்றால் அது ‘இங்’ சேர்த்துக்கொண்டு தொழிற்பெயராக மாறி வர வேண்டும். ‘சந்திக்க’ என்பது ‘டு மீட்’, ‘சந்திப்பது’ என்பது ‘மீட்டிங்’.

அப்படியானால் பிள்ளைகளுக்கு ‘டு மீட்’ ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது? நாம் பேச்சில் ‘எதிர்நோக்குகிறோம்’ என்று சொல்வதில்லை. ‘உங்களைச் சந்திக்க ஆவலா இருக்கோம்’ என்போம். மனதில் ஓடுகிற வாக்கியத்தில் ‘சந்திக்க’ இருப்பதால் கை ‘டு மீட்’ என்று எழுதிவிடுகிறது. ‘ஆவலாக இருக்கிறோம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஈகர்’ இருக்கிறது. ‘வீ ஆர் ஈகர் டு மீட் யூ’ என்று எழுதினால் ‘டு மீட்’ முழுக்கச் சரி. மனதில் ஓடுகிற வாக்கியத்துக்கு ஒன்று, கை எழுதுகிற சொற்றொடருக்கு ஒன்று என்று இரண்டும் கலந்துபோவதில்தான் சிக்கல் இருக்கிறது.

இந்த ‘டு’வுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் ‘டு’ முன்னிடைச்சொல்லாகத்தான் இருந்தது. வினையின் முன்னால் வரும்போது அந்த வினையும் பெயரைப் போல வேற்றுமை விகுதி ஏற்று நின்றது, ஏறத்தாழ நம் ‘செய்வதற்கு’ போல. காலப்போக்கில் அந்த விகுதிகள் தேய்ந்து உதிர்ந்துபோக, வெறும் ‘டு’வும் வெறும் வினையும் மிச்சமாயின. அதனால்தான் இன்று ஒரே உருவத்தில் இரண்டு ‘டு’க்கள் இருக்கின்றன. எனக்கு இதைத் தெரிந்துகொண்டபோது பெரிய நிம்மதி. ஒரு மொழி காரணமில்லாமல் நம்மை அலைக்கழிக்கவில்லை என்று தெரிந்தால் அதைக் கற்பதில் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

தமிழில் சொல்லிப் பார்க்கிற இந்த வழி மற்ற சொற்றொடர்களுக்கும் கைகொடுக்கிறது. கூடுதல் கூரியர் செலவைக் கட்டுவதை எதிர்க்கிறோம் என்றால் ‘வீ அப்ஜெக்ட் டு பேயிங்’. ‘கட்ட எதிர்க்கிறோம்’ என்று தமிழில் சொல்ல மாட்டோம், அதனால் ‘டு பே’ வராது. சரக்கைக் குறித்த நாளில் முடித்துக் கொடுப்பதில் உறுதியாக இருக்கிறோம் என்றால் ‘கமிட்டட் டு டெலிவரிங்’. நிறுவனங்களின் அறிமுக அட்டைகளிலும் இணையதள முகப்பிலும் ‘கமிட்டட் டு டெலிவர்’ என்று அச்சாகியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். இப்படி வேலை செய்வதற்குப் பழகியிருக்கிறோம் என்றால் ‘வீ ஆர் யூஸ்டு டு வொர்க்கிங்’. இதில் கவனம் வேண்டும், ‘வீ யூஸ்டு டு வொர்க்’ என்றால் முன்பு வேலை செய்துகொண்டிருந்தோம், இப்போது இல்லை என்று பொருள். நடுவில் ஒரு ‘ஆர்’ இருக்கிறதா இல்லையா என்பதில் பொருளே புரண்டுவிடும். மறுபக்கம், அனுப்ப முடிவு செய்தோம், முடிக்க முயல்கிறோம், மாற்ற வேண்டும் என்று எச்சம் வருகிற இடத்திலெல்லாம் ஆங்கிலத்திலும் ‘டு’வும் வெறும் வினையும்தான்.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ‘தைத்து முடித்தோம்’ என்று நாம் சொல்வது ஆங்கிலத்தில் ‘ஃபினிஷ்டு ஸ்டிச்சிங்’. தமிழில் அங்கே பெயரே இல்லை. புத்தகங்கள் சொல்கிற இன்னொரு சோதனையும் இருக்கிறது, ‘டு’வுக்குப் பின்னால் ‘இட்’ போட்டுப் பார்ப்பது. ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ சரியாக ஒலிக்கிறது, ‘வான்ட் டு இட்’ ஒலிக்கவில்லை. இதுவும் நல்ல சோதனைதான், ஆனால் ‘அக்ரீ’ என்ற சொல்லிடம் தோற்றுவிடும். ‘வீ அக்ரீ டு இட்’ என்றும் சொல்லலாம், ‘வீ அக்ரீ டு பே’ என்றும் சொல்லலாம். விலை பேசுகிற மெயில்களில் அடிக்கடி வருகிற சொல் என்பதால் இதை மட்டும் தனியாக நினைவில் வைக்கச் சொல்கிறேன்.

‘ஃபார்’ விஷயத்துக்கு வருகிறேன். ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ எங்கள் பக்கம் மிகப் பரவலாக இருக்கிறது. ‘பதிலுக்காகக் காத்திருக்கிறோம்’ என்பதில் இருக்கிற ‘காக’வை ‘ஃபார்’ ஆக்கிக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறோம். காத்திருப்பதற்கு ‘வெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’ சரி. அதையே ‘அவெய்ட்டிங்’ என்று எழுதினால் ‘ஃபார்’ வரவே கூடாது, ‘அவெய்ட்டிங் யுவர் ரிப்ளை’ மட்டும்தான். ‘லுக் ஃபார்வர்ட்’ என்றால் ‘டு’. மூன்றும் பக்கத்துப் பக்கத்துப் பொருள்கள், பின்னால் வரும் சின்னச் சொல் மட்டும் மூன்று விதம். ‘லுக்’ குடும்பமே அப்படித்தான். நடுவில் இருக்கிற ‘ஃபார்வர்ட்’ விட்டுப்போய் ‘வீ ஆர் லுக்கிங் ஃபார் யுவர் ரிப்ளை’ என்று ஒரு மெயில் என்னிடம் வந்தது. அதன் பொருள், ‘உங்கள் பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறோம்’. பையர் ஏற்கெனவே பதில் அனுப்பி அதை நாம் எங்கோ தொலைத்துவிட்டோம் என்று அவர் நினைத்தாலும் நினைக்கலாம்.

இதைவிட விபரீதமான ஒன்று இருக்கிறது, அது இலக்கணப்படி முழுக்கச் சரியாக இருப்பதால் கண்ணில் படவே படாது. பிபி சாம்பிள் (உற்பத்தி தொடங்குவதற்கு முன் பையரின் ஒப்புதலுக்குப் போகிற மாதிரி) அனுப்பிவிட்டு ஒரு பையன் எழுதியிருந்தான்: ‘வீ லுக் ஃபார்வர்ட் டு அப்ரூவிங் த சாம்பிள்’. ‘டு’ இருக்கிறது, ‘இங்’ இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அப்ரூவ் செய்ய வேண்டியது யார்? பையர். அந்த வாக்கியமோ நாங்கள்தான் அப்ரூவ் செய்யப்போகிறோம் என்கிறது. ‘இங்’ வடிவத்துக்குத் தனியாக ஓர் எழுவாய் கொடுக்காவிட்டால் வாக்கியத்தின் எழுவாயே அந்தச் செயலையும் செய்கிறது என்று ஆங்கிலம் எடுத்துக்கொள்ளும். ‘வீ’ என்று தொடங்கினால், ‘ஹியரிங்’ நாம் கேட்பது, ‘ரிசீவிங்’ நாம் பெறுவது, ‘மீட்டிங்’ நாம் சந்திப்பது. அவர்கள் செய்கிற செயலை எழுத வேண்டுமானால் ‘இங்’கையே விட்டுவிட்டு, ‘டு யுவர் அப்ரூவல்’, ‘டு யுவர் கமென்ட்ஸ்’ என்று பெயர்ச்சொல்லால் முடிப்பது நல்லது. அல்லது ‘டு ரிசீவிங் யுவர் அப்ரூவல்’. ‘இங்’ போட்டுப் பழகியவர்கள் அடுத்து விழுகிற இடம் இதுதான், அதனால் இதை இரண்டாவது பாடமாக உடனே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகள் இன்னொரு நியாயமும் சொல்வார்கள். “பையரே ‘டு ஹியர்’னுதானுங்க எழுதறாரு!” உண்மைதான், அப்படி மெயில்கள் வருகின்றன. எங்கள் பையர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். அவர்களுக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி. ஜெர்மன் மொழியில் இதே கடைசி வரியை எழுதும்போது ‘ட்ஸு’ என்ற சொல்லும் அதையடுத்து வெறும் வினையும் வரும். அந்த ‘ட்ஸு’ ஆங்கில ‘டு’வுக்கு உறவுக்காரன். அந்தப் பழக்கத்தில் அவர்களும் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதிவிடுகிறார்கள். நாம் தமிழிலிருந்து போய்ச் சேருகிற அதே தவறுக்கு அவர்கள் ஜெர்மனிலிருந்து வந்து சேருகிறார்கள். ஆர்டர் விவரத்துக்கு பையர் மெயில்தான் வேதம், ஆங்கிலத்துக்கு அதை வேதமாக்க வேண்டாம்.

‘லுக்’கா, ‘லுக்கிங்’கா என்பதிலும் குழப்பம் உண்டு. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’ சற்று முறையான தொனி, முதல் மெயிலுக்கும் மேல்மட்டத்தில் இருப்பவர்களுக்கும் ஏற்றது. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு’ கொஞ்சம் நெருக்கமானது, பழகிய பையருக்கு இதமாக இருக்கும். இரண்டும் சரி. ‘ஐ லுக்கிங்’ என்பதும் ‘ஐ ஆம் லுக்’ என்பதும் எந்தத் தொனியிலும் சரியாகாது. எழுவாயே இல்லாமல் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்று எழுதுவது அந்தக் காலக் கடிதங்களில் முழு வாக்கியத்தின் ஒரு பகுதியாக இருந்தது. அதைத் தொடர்ந்து ‘ஐ ரிமெய்ன்’ என்று வந்து, அதன் பிறகு கையெழுத்து வரும். எழுவாய் அந்த ‘ஐ’. இன்று பின்பாதி உதிர்ந்துவிட்டது, முன்பாதி மட்டும் தனியே நிற்கிறது. தினசரி மெயிலில் யாரும் இதைக் குறை சொல்வதில்லை. ஒப்பந்தம், புகார், வேலை விண்ணப்பம் போன்றவற்றில் மட்டும் ‘ஐ’யோ ‘வீ’யோ போட்டு முழு வாக்கியமாக எழுதச் சொல்வேன்.

இவ்வளவும் வடிவம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, இந்த வரியை எங்கே எழுதக் கூடாது என்பது. தமிழில் ‘எதிர்பார்க்கிறோம்’ என்று ஒரே சொல்லில் நல்லதையும் கெட்டதையும் சொல்லிவிடலாம். மழையை எதிர்பார்க்கலாம், பிரச்சினையையும் எதிர்பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்றால் மகிழ்ச்சியோடு எதிர்நோக்குவது. ஒரு முறை துணியில் ஷேடு மாறிப்போய் பையர் தள்ளுபடி கேட்டிருந்தார். அதற்கு வருத்தம் தெரிவித்து எழுதிய மெயிலின் கடைசியில், ‘வீ லுக் ஃபார்வர்ட் டு யுவர் டிசிஷன் ஆன் த டிஸ்கவுண்ட்’ என்று இருந்தது. நம் கையிலிருந்து பணம் போகப்போகிற ஒரு முடிவை ஆனந்தமாகக் காத்திருந்து வரவேற்கிற மாதிரி! அதை எடுத்துவிட்டு, ‘ப்ளீஸ் லெட் அஸ் நோ யுவர் டிசிஷன்’ என்று போட்டோம். அங்கே அது போதும்.

‘எதிர்பார்க்கிறோம்’ என்பதை ‘எக்ஸ்பெக்ட்’ என்று நேராகப் போடுவதும் ஆபத்துதான். ‘வீ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை டுடே’ என்றால், மேலதிகாரி கீழே இருப்பவரிடம் சொல்கிற தொனி வந்துவிடும். நம் பிள்ளைகள் பணிவாக எழுதுவதாக நினைத்துத்தான் எழுதுகிறார்கள். அந்தப் பணிவு போய்ச் சேரவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம், ‘லுக் ஃபார்வர்ட் டு’ ஒரு வேண்டுகோளும் இல்லை. இதைப் பலர் உணர்வதில்லை. ‘உங்கள் கமென்ட்ஸை எதிர்நோக்குகிறோம்’ என்று எழுதிவிட்டால் கேட்டாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பையர் அதைக் கடிதம் முடிகிற மரியாதையாகப் படித்துவிட்டு அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும், வராவிட்டால் எது நிற்கும் என்பதை அதற்கு முந்தைய வரியில் வெளிப்படையாக எழுத வேண்டும். ‘வியாழக்கிழமைக்குள் லேப் டிப் அப்ரூவல் கிடைத்தால்தான் வெள்ளிக்கிழமை டையிங் தொடங்க முடியும்’ என்று ஒரு வரி. அது இருந்தால் கடைசி வரி இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

இதில் நேரக் கணக்கும் இருக்கிறது. ஜெர்மனியில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. நாம் காலையில் அனுப்பும் மெயிலை அவர்கள் படிக்கும்போது நமக்குச் சாப்பாட்டு வேளை. தெளிவில்லாமல் எழுதி, அவர்கள் திருப்பிச் சந்தேகம் கேட்டு, அதற்கு நாம் விளக்கம் எழுதுவதற்குள் ஒரு முழு நாள் போய்விடும். டையிங் யூனிட்டில் பிடித்துவைத்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டால், கடைசி வரியின் இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை.

அதேபோல ஒரே நாளில் நாலைந்து தடவை போய் வருகிற மெயில்களில் ஒவ்வொன்றின் அடியிலும் இந்த வரி தேவையில்லை. முதல் மெயிலில் இருக்கட்டும், இடையில் ‘தேங்க்ஸ்’ போதும். இப்போது மெயில் பெட்டியே நாம் இரண்டு எழுத்து அடித்ததும் மீதி வரியை எழுதிக் கொடுத்துவிடுகிறது. பெரும்பாலும் சரியான வடிவத்தில்தான் கொடுக்கிறது. ஆனால் அந்த மெயில் நல்ல செய்தியா, தள்ளுபடிப் பேச்சா, மூன்றாவது நினைவூட்டலா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

நினைவூட்டல் என்றதும் பேமென்ட் மெயில்களைச் சொல்லியாக வேண்டும். பணம் வர வேண்டிய நாள் தாண்டிய முதல் மெயிலில் ‘வீ லுக் ஃபார்வர்ட் டு ரிசீவிங் யுவர் பேமென்ட்’ என்று முடிக்கலாம், நாகரிகமாகவே இருக்கும். இரண்டாவது மெயிலில் இன்வாய்ஸ் எண், தொகை, கெடு முடிந்த தேதி மூன்றையும் மேலே வைத்து, எப்போது அனுப்புவீர்கள் என்று நேரடியாகக் கேட்கச் சொல்கிறேன். மூன்றாவதில் இந்த வரியை அடியோடு எடுத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாக ஒரு தேதி, அந்தத் தேதிக்குள் வராவிட்டால் அடுத்த ஷிப்மென்ட்டை நிறுத்திவைப்போம் என்ற ஒரு வாக்கியம், அடியில் முதலாளியின் பெயர்.